ஒற்றை அலசல்

கரிசல் நிலையம், நிலாவின் தென்பகுதி
நீர், காற்றுப் பொறுப்பாளர் ஜெசிந்தாவின் பணிக்குறிப்பு
யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படிக்கலாம்

திங்கள், காலை 08:10. வழக்கமான பதிவு

காற்று சரி. அழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி கால்பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. வியாழக்கிழமை நாச்சியப்பன் அண்ணனும் மக்தூமும் பனிக்குழிக்குப் போய் உறைந்த தண்ணீரை வெட்டிக்கொண்டு வந்தால்தான் தொட்டி நிமிரும். அதுவரை யாருக்கும் குளியல் கிடையாது. ஈரத்துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிலையத்தில் இருப்பது மூன்றே பேர். நாச்சியப்பன் அண்ணன் கமாண்டர், காரைக்குடிக்காரர். ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் அவருக்கு முகம் சுண்டிவிடும். தொட்டிக் குழாய்ச் சாவி அவரிடம்தான். மக்தூம் துளைப்பொறியாளன், காயல்பட்டினம், எங்களில் இளையவன், வாய் ஓயாதவன். நான் தூத்துக்குடி, படித்தது வேதியியல். தண்ணீர், காற்று, துணி துவைப்பது மூன்றும் என் பொறுப்பு. கடைசியில் சொன்னதை இங்கே யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை.

துணிசோப்புச் சோதனை இன்று முடிந்தது. பூமியிலிருக்கும் எங்கள் மையம் மூன்று திரவங்கள் அனுப்பியிருந்தது. எது நல்லது என்று நான் சொல்ல வேண்டும். ஊரில் இதற்கு ஒரு சோதனையா என்று சிரிப்பார்கள். இங்கே சிரிக்க முடியாது. எங்கள் தண்ணீர் காய்ச்சி வடித்தது, உப்பு என்பதே கிடையாது. துளி சோப்புக்கும் பொங்கிக்கொண்டு வரும். எடை குறைந்த இடமாதலால் பொங்கிய நுரை லேசில் அடங்காது. அலசுவதற்குக் கிடைப்பதோ ஒரே ஒரு தண்ணீர். ஒற்றை அலசலில் துணியை விட்டுப் போகிற சோப்புதான் இங்கே சோப்பு.

முதல் எண் நுரைத்துத் தள்ளியது. இரண்டாம் எண்ணில் வாசனை மட்டும்தான், வேலைக்காகாது. மூன்றாம் எண் நுரைக்கவே இல்லை, வாசனையும் இல்லை, ஆனால் நிலாத்தூசியை முழுக்கக் கழற்றியது. அலசிய தண்ணீரும் தெளிவாக இருந்தது. மூன்றாம் எண்ணைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு விதியும் எழுதினேன். அலசிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நுரை இரண்டு விரற்கடைக்கு மேல் நின்றால் அந்தத் துணியை யாரும் உடுத்தக் கூடாது, மறுபடி அலச வேண்டும். மையம் மில்லிமீட்டரில் கேட்டது. அவசரத்தில் அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, விரல் எப்போதும் கையோடு இருக்கும் என்று பதில் போட்டேன். ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்து என்னுடையது.

உள்தொடர்பு, பட்டறையிலிருந்து மக்தூம்: "அக்கா, நொரையே வராத சோப்ப வச்சிக்கிட்டு என்னத்தத் தொவைக்கிய? எஞ் சட்டைய மோந்து பாருங்க, நெலாத்தூசி வெடிமருந்து வாட அடிக்கி. நொர வந்தாத்தான அழுக்கு போவும்?"

நான்: "நொரைக்கும் அழுக்குக்கும் சம்பந்தமே கெடையாதுல. நொர சும்மா கண்ணுக்கு. போயி வேலையப் பாரு."

சரியாகத்தான் சொன்னேன்.

செவ்வாய், மாலை 17:30

சரக்குக் கலம் இறங்கியது. வடிகட்டிகள், மருந்துகள், மூன்றாம் எண் சோப்பு இரண்டு குடுவை. எனக்கு அக்கா ரோஸ்லின் அனுப்பிய சின்னப் பொட்டலம். கருவாட்டுப் பொடியாக இருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊறப் பிரித்தேன். துணி துவைக்கிற பவுடர்! வெள்ளையில் நீலப் பொட்டு, தாழம்பூ வாசனை. போன மாதம் பேசும்போது, துணியில் சோப்பு வாசமே இல்லை என்று நான் புலம்பினேனாம். அவளிடம் எதையாவது சொன்னால் இப்படித்தான். விட்டால் துவைக்கிற கல்லையும் கட்டி அனுப்பியிருப்பாள்.

அனுமதியில்லாத பொருள். மையத்துக்குச் சொல்லிவிட்டுக் கழிவுப் பெட்டியில் போட வேண்டும். நாளைக்குப் போடுகிறேன். இப்போதே அறை முழுக்க மணக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

உள்தொடர்பு, மக்தூம்: "அக்கா, வெள்ளிக்கெழம பெருநாளு. நா குழியிலதான் கெடப்பேன். புதுச் சட்டைக்கு எங்க போவ? அந்த உள்ளுடையவாவது நல்லா நொரையாப் போட்டுத் தொவைச்சித் தாங்கக்கா. தொழும்போது வெடிமருந்து நாத்தத்தோடயா நிக்க?"

பார்க்கலாம் என்றேன்.

புதன், பிற்பகல் 14:00

உள்ளுடை மூன்றும் துவைத்தாயிற்று. சோப்பு: மூன்றாம் எண். அலசல்: ஒன்று. நுரை: இரண்டு விரற்கடை. உடுத்தலாம்.

வியாழன், காலை 09:40

கமாண்டரும் மக்தூமும் பெரிய வண்டியில் கிளம்பிப் போய்விட்டார்கள். நிலையத்தில் நான் மட்டும்.

நேற்றைய பதிவில் ஒரு திருத்தம். சோப்பு: ரோஸ்லின் அனுப்பிய பவுடர். நுரை: நான்கு விரற்கடை.

எப்படி நடந்தது என்று எழுதிவிடுகிறேன். பவுடரைக் கையால் அள்ளினேன். அளவுக் கரண்டி பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. எங்கள் தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். ஒரு கை நிறைய அள்ளிப் போட்டால்தான் பேருக்காவது நுரை எட்டிப் பார்க்கும். அதே பழக்கத்தில் அதே கை போட்டது. உப்பில்லாத தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட அதிகம் என்று எனக்குத் தெரியும். பாடமாக எழுதி அனுப்பியவளே நான்தான்.

துவைப்பானின் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. நுரையைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலசினேன். பாட்டிலைக் குலுக்கி வைத்தேன். நான்கு விரற்கடை, இறங்குவேனா என்றது. இன்னொரு தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணனிடம் சாவி கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்பார். பவுடர் கதையைச் சொல்ல வேண்டும். முந்தாநாள்தான் விதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதற்குள் நானே மீறினேன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பது? இரண்டு என்று எழுதினேன். காயவைத்து, மடித்து, இருவர் கையிலும் கொடுத்தேன். மக்தூம் முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டுக் குதித்தான்.

உள்ளுடை என்றால் சாதாரணப் பனியன் இல்லை. வெளியே போகப் போடும் விண்வெளி சூட்டுக்குள் உடம்போடு ஒட்டிக் கிடப்பது, குளிர்க் குழல்கள் கோத்தது. வேர்வை ஈரத்தைக் காற்று இழுத்துக்கொண்டு முதுகிலிருக்கும் சுழலிக்குப் போகும். சுழலி சுற்றித் தண்ணீரை வேறாகவும் காற்றை வேறாகவும் பிரித்து, காற்றை மட்டும் ஹெல்மெட்டுக்கு அனுப்பும். துணியில் சோப்பு மிஞ்சியிருந்தால் அது ஈரத்தோடு போய்ச் சுழலியில் நுரைக்கும். நுரையில் எது தண்ணீர், எது காற்று என்று சுழலிக்குத் தெரியாது. அப்படியே பிடரி வழியாக ஹெல்மெட்டுக்குள் தள்ளிவிடும். அதற்காகத்தான் அந்த இரண்டு விரற்கடை விதி.

மாலைத் தொடர்பில் சொல்லிவிடுகிறேன். சூட்டைப் போடாதீர்கள், குழியில் இறங்காதீர்கள், திரும்பி வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வியாழன், மாலை 18:20

சொல்லவில்லை.

வண்டியிலிருந்து மக்தூம்: "அக்கா, சூட்ட மாட்டிப் பாத்தேன். உள்ள தல விட்டதும் எங்க உம்மா அலமாரியத் தொறந்த மாரி இருந்திச்சி. தாழம்பூவா? எங்கேர்ந்து புடிச்சிய? நாளைக்குத் தொழுவையில மொத துஆ ஒங்களுக்குத்தான்."

நாச்சியப்பன்: "என் உடுப்பும் மணக்குதே ஆத்தா. மூணாம் நம்பருக்கு வாசனையே கெடையாதுன்னுல்ல எழுதியிருந்தே?"

நான்: "புதுக் குடுவைண்ணே. கொஞ்சம் வாசன சேத்து அனுப்பிருக்காவ போல."

வாய் கூசாமல் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் வார்த்தையை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட இத்தனை கனம் இருந்திருக்காது.

இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். குழி விளிம்பில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து துளைப்பொறியைச் சரிபார்க்கிறவர்களுக்கு வேர்க்காது. நாளை குழியில் துளைக்கும்போதுதான் வேர்க்கும். மக்தூமுக்கு ரொம்ப வேர்க்கும். தட்டில் போட்ட சாப்பாடு போட்டபடி இருக்கிறது.

வெள்ளி, காலை 10:05

பெருநாள். மக்தூம் வண்டிக்குள்ளேயே தொழுதுவிட்டு எங்கள் இருவருக்கும் வாழ்த்துச் சொன்னான். அண்ணன் அவனுக்காகக் கொஞ்சம் முந்திரிப் பருப்பு ஒளித்து எடுத்துப் போயிருந்தாராம். இருவரும் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். வண்டி குழியின் விளிம்பில், வெயில் படாத பக்கம் நிற்கிறது. துளைப்பு ஆரம்பித்தாயிற்று.

காலையிலும் சொல்லவில்லை. நல்ல நாள் அதுவுமாக எதற்கு என்று ஒரு சாக்கு. நேற்றைக்கு ஒரு சாக்கு, புதன்கிழமைக்கு ஒரு சாக்கு. எனக்குப் பஞ்சமே கிடையாது.

வெள்ளி, காலை 10:50

மக்தூம்: "அக்கா, கழுத்துக்குப் பின்னாடி ஈரமா இருக்கு. ஜில்லுன்னு."

நாச்சியப்பன்: "இம்புட்டு நேரமா வேல பாக்குறேல்ல. வேர்வையாத்தான் இருக்கும்."

வேர்வை ஜில்லென்று இருக்காது.

வெள்ளி, காலை 10:58

மக்தூம்: "கண்ணு எரியிதுக்கா. என்னமோ வழுவழுன்னு உள்ள வருது. தொடைக்கவும் முடியல."

நாச்சியப்பன்: "கையேட்டுல போட்டிருக்கு. சுழலி மந்தமாப் போனா விசிறிய முழு வேகத்துல வைக்கணும். வைய்யி தம்பி."

தப்பு. கையேடு வெறும் தண்ணீருக்கு எழுதியது. சோப்புத் தண்ணீருக்கு விசிறியைக் கூட்டினால் அடித்து அடித்து நுரையைப் பெருக்கும். நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள்.

விரல் பேச்சுப் பொத்தான் மேல் இருக்கிறது. இன்னும் அமுக்கவில்லை. இன்னொரு கை இதை எழுதுகிறது. எழுத நேரம் இருக்கிறது, வாயைத் திறக்க நேரமில்லையாடி உனக்கு?

வெள்ளி, காலை 11:09

சொன்னேன்.

நான்: "அண்ணே, விசிறிய நிறுத்துங்க. ஒடனே நிறுத்தச் சொல்லுங்க. அது வேர்வ இல்ல, சோப்பு. நா வேற பவுடர் போட்டுட்டேன். நாலு வெரக்கட நொர நின்னுச்சி. ரெண்டுன்னு பொய்யா எழுதிட்டேன்."



நாச்சியப்பன்: "மூணு உடுப்பும் ஒரே தொவையலா?"

நான்: "ஆமாண்ணே."

நாச்சியப்பன்: "சரி ஆத்தா. எனக்கும் கழுத்து நனஞ்சுதான் கெடக்கு. நீ அழுகாத. நீ அழுதா தொடர்புல ஒண்ணும் வெளங்கல. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

சொன்னேன். விசிறியை நிறுத்துங்கள். அவசர ஆக்சிஜன் குப்பியைத் திறந்துவிடுங்கள், அது முகத்துக்கு முன்னால் ஓடி நுரையையும் தள்ளிக்கொண்டு வெளியே போகும். குப்பி தீர்வதற்குள் வண்டிக்குள் ஏறிவிட வேண்டும். மக்தூமுக்குக் கண் திறக்க முடியவில்லை. அவனைக் கயிற்றில் கட்டி, கையைப் பிடித்துச் சரிவில் ஏற்றிக்கொண்டு வருகிறார் அண்ணன். ஏற்றம் அதிகம். அவர் மூச்சு எனக்குக் கேட்கிறது.

ஒரு சொல் திட்டவில்லை அந்த மனிதர்.

வெள்ளி, காலை 11:45

மக்தூம்: "உள்ள வந்துட்டேன்க்கா. ஹெல்மெட்டக் கழத்திட்டேன். ஒண்ணுமே தெரியல, கண்ணு ரெண்டும் தீயா எரியிது. அண்ணன் வெளிய நிக்காவ. கதவறையில ஒராளுதான் நிக்க முடியும்னு என்ன மொதல்ல தள்ளிவிட்டுட்டாவ."

கதவறை என்பது வண்டியின் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சின்னக் கூடு. அதில் காற்றை ஏற்றி இறக்கித்தான் உள்ளே வர முடியும். ஓர் ஆள் உள்ளே போனதும் அதைத் திரும்பக் காலி செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

நாச்சியப்பன்: "எங் குப்பி தீந்துருச்சு. விசிறியப் போட்டுக்கிறேன், வேற வழியில்ல. கதவறை காலியாகட்டும். ஆத்தா, அது எந்தக் கம்பெனிப் பவுடரு? என்னமா மணக்குது."

அதற்குப் பிறகு இருமல். பிறகு அதுவும் இல்லை. கதவறை காலியாகி, வெளிக்கதவு திறந்து நிற்பதாக வண்டியின் கருவி காட்டுகிறது. யாரும் ஏறவில்லை. மக்தூம் உள்ளேயிருந்து அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

வெள்ளி, பிற்பகல் 12:30

நாச்சியப்பன் அண்ணன் போய்விட்டார். கொன்றது நான்.

மையம் இதைச் சுழலிக் கோளாறு என்று குறித்துக்கொண்டிருக்கிறது. சுழலி ஒழுங்காகத்தான் சுற்றியது. பவுடரை அள்ளியது ஒரு தப்பு. பொய் எழுதியது இன்னொன்று. ஆனால் அவர் செத்தது 10:50க்கும் 11:09க்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில். அப்போதே சொல்லியிருந்தால் விசிறி அத்தனை நுரையை அடித்திருக்காது, மக்தூம் கண்ணோடு நடந்திருப்பான், இருவரும் குப்பியில் மிச்சம் வைத்து ஏறியிருப்பார்கள். இதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைய நிலை. மக்தூம் வண்டிக்குள் உயிரோடு இருக்கிறான். கண்ணைக் கழுவியும் வீக்கம் இறங்கவில்லை, வண்டி ஓட்ட முடியாது. தானாக ஓடத் தெரிந்த வண்டி இல்லை அது, வழியெல்லாம் குழி. நிற்பது நிழலில். சாயங்காலத்துக்குள் பேட்டரி தீரும், தீர்ந்தால் ஹீட்டர் நிற்கும். அந்த நிழலின் குளிரில் மனிதன் தாங்கமாட்டான். வேற்று நாட்டு நிலையத்திலிருந்து உதவி வர ஞாயிறு ஆகும்.

மையம்: "டாக்டர் ஜெசிந்தா, நீங்க வெளியே போகக் கூடாது. உங்க உள்ளுடையும் அதே துவையல். ரெண்டு பேரை இழந்துட்டோம், மூணாவது ஆளையும் இழக்க முடியாது. இது உத்தரவு."

நான்: "ஒருத்தன் இன்னும் பேசிட்டுதான சார் இருக்கான். ஒங்களுக்குக் கேக்கலியா?"

பதில் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். இங்கே சின்ன வண்டி ஒன்று இருக்கிறது, மேல்மூடி இல்லாதது. அதில் போய், பெரிய வண்டிக்குள் ஏறி, அதை நான் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். சூட் வேண்டும். உள்ளுடையின் குழல்கள் இல்லாமல் சூட் பூட்டிக்கொள்ளவே கொள்ளாது. என்னுடைய உள்ளுடையும் தாழம்பூ மணக்கிறது.

வெள்ளி, பிற்பகல் 13:20

தொட்டிச் சாவி அவர் அறையில் ஆணியில் தொங்கியது. அறைக்கதவைக்கூடப் பூட்டிக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருந்தால் முகத்தைச் சுண்டிக்கொண்டு கொடுத்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும், ஒரு முகச்சுளிப்பு.

காற்றுக் கருவிக்கு ஒதுக்கிய தண்ணீரைத் தொட முடியாது; அது போக, துவைக்க இரண்டு வாளித் தண்ணீர் தேறியது. முதல் வாளியில் சமையலறை உப்பு முழுவதையும் கொட்டினேன். உப்புத் தண்ணீரில் நுரை நிற்காது, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளுடையை முக்கிக் கசக்கினேன், பிழிந்தேன், அதே தண்ணீரில் மறுபடி கசக்கினேன். நுரை அடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

அப்புறம்தான் உறைத்தது. உப்பு நுரையை அடக்கும், சோப்பைத் துணியிலிருந்து எடுத்துவிடாது. நுரை இல்லை என்பதால் சோப்பு இல்லை என்று ஆகாது. சூட்டுக்குள் சுழல்கிற தண்ணீரில் நான் கொட்டிய உப்பு இருக்காது. மிஞ்சிய சோப்பு அங்கே போய்த் திரும்பப் பொங்கும். நல்ல தண்ணீரில் அலசித்தான் எடுக்க வேண்டும். அதற்கு மிச்சம் ஒரு வாளி. ஒற்றை அலசல்.

மக்தூம்: "அக்கா, குளுருது. ஹீட்டரு நின்னு நின்னு ஓடுது. வெளிய ஏதோ சத்தம் கேட்ட மாரி இருந்திச்சி. அண்ணன் கதவத் தட்டுனா உள்ள கேக்கும்லா?"

நான்: "கேக்கும்ல. நீ போர்வையச் சுத்திக்கிட்டு ஒக்காரு. நா வாரேன்."

மக்தூம்: "அக்கா, நாந்தான நொரையாத் தொவைங்கன்னு சொன்னேன். எல்லாம் என்னாலதான்."

நான்: "வாய மூடு. கேட்டது நீ. செஞ்சது நானு. இனி இப்பிடிப் பேசினன்னா வந்து அறைவேன்."

அவன் சிரித்தான். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை சிரித்தான்.

வெள்ளி, பிற்பகல் 14:05

அலசிவிட்டேன். இனிமேல் அலசத் தண்ணீர் இல்லை. உலர்த்தியில் போட்டு எடுத்தாயிற்று. பாட்டிலைக் குலுக்கி வைத்துவிட்டு, அது அடங்கும்வரை பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றேன்.

நுரை: இரண்டு விரற்கடை. உடுத்தலாம்.

மையம் நாலு தடவை கூப்பிட்டுவிட்டது. எடுக்கவில்லை. சூட்டின் குரல்பெட்டி நான் பேசுவதை இதே குறிப்பில் சேர்த்துவிடும். ரோஸ்லினிடம் பவுடரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் ஆசையாக அனுப்பினாள், அவ்வளவுதான்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு ஒரு வேலை. என் உள்ளுடையைத் தண்ணீரில் பிழிந்து, குலுக்கி, எத்தனை விரற்கடை நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். நான் எழுதியதை நம்ப வேண்டாம்.

வெள்ளி, பிற்பகல் 15:40. குரல் பதிவு

சின்ன வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன். விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்திருக்கிறேன். உடம்பை அசைக்காமல் வருகிறேன், வேர்க்கக் கூடாது. அவர்கள் போன சக்கரத் தடம் தெளிவாக இருக்கிறது. வெயில் முடிந்து நிழல் ஆரம்பிக்கிற கோடு தெரிகிறது.

பெரிய வண்டியின் விளக்கு தெரிகிறது. மங்கல்தான், ஆனால் எரிகிறது. மக்தூமே, உன் விளக்கு தெரிகிறது.

அண்ணன் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் முழுக்க வெள்ளை. முகம் தெரியவில்லை. தெரியாதது நல்லது என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இறங்கிவிட்டேன். நடக்கிறேன்.

கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்று இருக்கிறது.

விசிறியை நிறுத்திவிட்டேன். குப்பியைத் திறந்துவிட்டேன். ஏணி எங்கே... இதோ. முதல் படி. கண் எரிகிறது. எரிந்தால் எரியட்டும், கதவுக்குக் கண் வேண்டாம், கை போதும்.

திருத்தம். 14:05 பதிவில் ஒரு திருத்தம். நுரை மூன்று விரற்கடை. தெரிந்துதான் இரண்டு என்று எழுதினேன். மூன்று என்று எழுதியிருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன். மூன்று. எழுதிக்கொள்ளுங்கள்.

கதவறைக்குள் வந்துவிட்டேன். கதவை இழுத்துவிட்டேன். பொத்தான்... பச்சை எது... இங்கேதான் எங்கேயோ...

குப்பி... வாயில் நுரை...

வெள்ளி, பிற்பகல் 15:58. குரல் பதிவு. தொடர்பு ஒலி மட்டும்

மக்தூம்: "அக்கா? கதவறையில சத்தம் கேக்கு. வந்துட்டியளா? அக்கா, பேசுங்க. பொத்தான் வலது கைப்பக்கம், தலைக்கு மேல. கேக்கா? தட்டுங்க, தட்டுங்க. இங்கதான் இருக்கேன். ஏன் பேச மாட்டேங்கிய? எனக்குக் கண்ணு தெரியல, யாருன்னு சொல்லுங்க. அக்காவா... அண்ணனா?"